அக்காவுக்குச் சொன்ன கணக்கு

கொலோன்
2 மார்ச் 2025

அன்புள்ள தம்பி நவரத்தினம்,

நீயும் ஜெயமலரும் சுகமாக இருக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன சொல் கேட்கிறது.

போன் இருக்க ஏன் அக்கா கடிதம் போடுகிறா என்று யோசிப்பாய். உன்னோடு போனில் கதைத்து நான் என்ன கண்டேன்? நீ நிற்கிற வெளியில் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறினால், "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று சொல்லிக்கொண்டு நாயைக் கூப்பிடுகிறாய். போன தரம் அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றி நான் தொண்டை வறள விளங்கப்படுத்தினேன். நீ சொன்னது ஒரே ஒரு வசனம்: "அகதியா வந்து அசூல் காம்பில அவங்கட கூப்பன் சாப்பாடு திண்டது காணும் அக்கா, இனி ஒருத்தரிட்டையும் கை நீட்ட மாட்டன்." அதோடு லைன் போய்விட்டது. நீதான் வெட்டினாயோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

ஆகவே எழுத்தில் சொல்கிறேன், வெட்ட ஏலாது. இது பிச்சை இல்லை தம்பி, கூலி. நீ மேய்க்கிற அந்த மணல் தரை ஒரு காலத்தில் பட்டாளம் பயிற்சி எடுத்த இடம். ஆடு கடிக்காமல் விட்டால் கொஞ்ச வருஷத்தில் பைன் கன்று மூடிவிடும். ஊதாப் பூச்செடியும் போய்விடும், தரையில் கூடு கட்டுகிற வானம்பாடியும் போய்விடும். ஆட்களை விட்டு வெட்ட அரசாங்கத்துக்குக் கட்டாது. உன் ஆடு அதைச் சாப்பாடென்று நினைத்துச் செய்கிறது. அந்த வேலைக்குத்தான் ஐந்து வருஷ ஒப்பந்தம் தருகிறார்கள். ஓநாய்க்கு மின்வேலி, ஆழமாகக் கிணறு இறக்க உதவி, ஆலோசனை சொல்ல ஆள், எல்லாம் அதற்குள் வருகிறது.

இன்னொன்றையும் மறந்துவிடாதே. நிலத்துக்குச் சொந்தமான அறக்கட்டளை உனக்குப் போட்ட கடிதத்தை நீயே எனக்கு அனுப்பியிருந்தாய். வருகிற வருஷத்திலிருந்து பாதுகாப்பு ஒப்பந்தம் வைத்திருப்பவருக்குத்தான் குத்தகை என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் நிலம் இல்லை. நிலம் இல்லையென்றால் ஆடு எங்கே நிற்கும், உன் குசினிக்குள்ளோ?

"படிக்காட்டி ஆடு மேய்க்கத்தான் போவாய்" என்று எங்கட ஐயா உன்னை வெருட்டினார். நீ படித்துவிட்டும் ஆடு மேய்க்கிறாய். அதையாவது அரசாங்கத்தின் கையெழுத்தோடு மேய்.

விண்ணப்பத்தை நான் நிரப்புகிறேன். இங்குள்ள எங்கட சனத்தின் அன்ட்ராக் படிவம் முழுக்க என் மேசையில்தான் நிரம்புகிறது. நான் நிரப்பியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எத்தனை ஹெக்டேர், எத்தனை ஆடு, எத்தனை நாய் என்று எழுதி அனுப்பு.

ஜெயமலர் அனுப்பின படம் பார்த்தேன். உன் ஆடுகளில் என்ன மினுமினுப்பு. முன்னுக்கு நிற்கிற கொம்புக்காரிக்கு ஒரு நடிகையின் நிமிர்வு இருக்கிறது.

கடிதம் கண்டதும் பதில் போடு.

அன்புடன்,
அக்கா இராஜேஸ்வரி


பிராண்டன்பேர்க்
19 மார்ச் 2025

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். லைனை நான் வெட்டவில்லை, மேட்டில் காற்று. முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் போடச் சொல்கிறா ஜெயமலர்.

உங்கள் கடிதத்தை ஜெயமலர் எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினா. முதல் தரம் எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் தரம் அந்தக் கூலி என்ற சொல் மனதில் நின்றுவிட்டது. கூலிக்கு வேலை செய்ய நான் என்றைக்கும் வெட்கப்பட்டவன் இல்லை. நிரப்புங்கோ.

இங்கே மாசியில் பெய்த மழை தொப்பி நனையக் காணாது. இது மணல் அக்கா, ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறதென்று தெரியாது. கிணற்றுப் பம்பி தண்ணீரோடு மணலையும் சேர்த்து இழுக்கிறது. போன கோடையில் தீயணைப்புக்காரர் தொட்டி நிரப்பித் தந்தார்கள். இந்தக் கோடையும் அவர்களிடம் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. அந்தக் கிணற்று உதவி கிடைத்தால் பெரிய காரியம்.

கேட்ட விபரம்: நிலம் எண்பத்தைந்து ஹெக்டேர். ஆடு, குட்டிகளை விட்டால், ஒரு நூற்றி நாற்பது வரும். நாய் இரண்டு.

ஆடுகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எலும்பும் தோலும். படத்தில் வெயில் பட்டு அப்படித் தெரிகிறது. அந்தப் படத்தை உங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒருவருக்கும் காட்ட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

தம்பி
நவம்


கொலோன்
27 மார்ச் 2025

அன்புள்ள தம்பி,

உன் சுகம் அறிந்து சந்தோஷம். நல்லெண்ணெய் போட்டேன். முழங்கால் மணக்கிறது, நோ அப்படியே இருக்கிறது.

அன்ட்ராக் நிரப்பி இத்தோடு வைத்திருக்கிறேன். எண்பத்தைந்து ஹெக்டேர், நூற்றி நாற்பது ஆடு, இரண்டு நாய். உனக்கு ஒரு புதினம் சொல்கிறேன். அவர்கள் தலைக்கணக்கில் கொடுப்பதில்லை, நிலக்கணக்கில் கொடுக்கிறார்கள். அந்தப் பரப்பில் இருநூற்றைம்பது ஆடு வரைக்கும் விடலாமாம். நீ இன்னும் நூறு வாங்கி விட்டாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

பென்சிலால் புள்ளடி போட்ட மூன்று இடத்தில் கையெழுத்து வை. வைக்க முன்னம் வாசி. வாசிக்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்வது என் கடமை.

கிட்டடியில் கவிசாவின் பிள்ளைக்கு, பிறந்த முப்பத்தோராம் நாள் கொண்டாடினார்கள். எங்கள் சங்கத்தில் டான்ஸ் பழகின கவிசா, அவவுக்கே இப்போது பிள்ளை. நான் உள்ளே கால் வைத்த உடனே கவிசாவின் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டா. பால் குடிக்கிற நேரமாம். திரும்பக் கொண்டுவரும்போது கன்னத்தில் ஐம்பது சென்ற் நாணயக் குற்றி அளவில் கறுப்புப் பொட்டு. பிள்ளையின் முகத்தை நான் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கத்தரிக்காய்க் குழம்பு நல்ல ருசி. அதையும் அங்கே சொல்லவில்லை.

மே நடுப்பகுதிக்குள் அன்ட்ராக் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

அக்கா


கொலோன்
22 ஜூன் 2025

அன்புள்ள தம்பி,

நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே இரயிலுக்குள் சனம் அவிகிறது. உன் வெளியில் என்ன பாடோ என்றுதான் யோசனை.

மார்ச்சுக்குப் பிறகு உன் எழுத்தைக் காணவில்லை. அன்ட்ராக்கைக் கையெழுத்து வைத்து நேரே அனுப்பிவிட்டாய் என்று ஜெயமலர் செய்தி போட்டிருந்தா. வந்த அன்றே அனுப்பியிருக்கிறாய். வாசித்தாயா என்று நான் கேட்கவே மாட்டேன்.

ஒப்பந்தம் வந்துவிட்டதென்றும் ஜெயமலர்தான் சொன்னா. எனக்கு உண்டான புளுகத்தைச் சொல்லி முடியாது. பக்கத்து வீட்டு மக்டலீனைக் கூப்பிட்டுக் கோப்பி கொடுத்தேன். இந்த முதல் கோடையில் ஒரு தரம் அமட்டிலிருந்து, அதுதான் அந்த அரசாங்க அலுவலகத்திலிருந்து, வந்து பார்ப்பார்கள், பார்த்தபிறகுதான் ஒப்பந்தம் உறுதி. அதற்குப் பயப்படாதே. கடதாசியில் இருப்பதும் நிலத்தில் நிற்பதும் ஒன்றாக இருந்தால் காணும்.

நவம், ஒரு கேள்வி. நீ சொந்தமாகப் பட்டி வைத்து ஐந்து வருஷமாகிறது. நான் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. ஆடி மாதம் எனக்கு ஒரு அலுவலும் இல்லை. கொலோனிலிருந்து பெர்லின், அங்கேயிருந்து சின்ன இரயில். முருங்கைக்காயும் நல்ல மாம்பழமும் கொண்டுவருவேன். வரட்டோ?

அக்கா


பிராண்டன்பேர்க்
3 ஜூலை 2025

அன்பின் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் தண்ணீர் நன்றாகக் குடியுங்கோ.

வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். வரலாம்தான். ஆனால் இப்போது காடு எரியுமென்று பாதையெல்லாம் மறித்திருக்கிறார்கள். கழிவறையும் பழுது. ஜெயமலருக்கு முதுகு நோ. நாய்களும் தெரியாத ஆட்களோடு சேராது. மழைக்காலம் வரட்டும், பேந்து பார்ப்போம்.

ஜூலை கடைசியில் அமட்டிலிருந்து நோவாக் என்று ஒரு அம்மா வந்து பார்க்கப் போறாவாம். கடிதம் வந்தது. பயமில்லை.

தம்பி
நவம்


கொலோன்
10 ஆகஸ்ட் 2025

தம்பி நவரத்தினத்துக்கு,

நீங்கள் இருவரும் சுகமென்று நினைத்துக்கொள்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது, எழுதினால்தானே தெரியும்.

நோவாக் அம்மா வந்தாவா? பார்த்தாவா? என்ன சொன்னா? போன் எடுத்தால் மணி அடிக்கிறது, தூக்குவாரில்லை. இரண்டு செய்தி போட்டேன், நீ பார்த்ததாகக் காட்டுகிறது, பதிலில்லை.

உன் ஜூலைக் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். ஒரு கடிதத்துக்குள் காடு, கழிவறை, முதுகு, நாய். போன வருஷமும் அந்தக் கழிவறை பழுது. அதற்கு முதல் வருஷமும் பழுது. அத்தனை பேருக்கும் அன்ட்ராக் நிரப்பின எனக்கு ஒரு சாட்டு எப்படி இருக்குமென்று தெரியாதோ?

வரவேண்டாமென்றால் வரவில்லை. ஆனால் என் கையால் நிரப்பின கடதாசி என்னவாயிற்று என்று எனக்குச் சொல். அது உன் நிலம், உன் ஐந்து வருஷம்.

அக்கா


பிராண்டன்பேர்க்
24 ஆகஸ்ட் 2025

அன்பின் மச்சாளுக்கு,

நான் ஜெயமலர் எழுதுகிறேன். உங்கள் சுகத்துக்கு என்றும் பிரார்த்திக்கிறேன். என் முதுகுக்கு ஒன்றுமில்லை, அது நல்ல முதுகு.

நான் எழுதுவது இவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பரவாயில்லை. அமட் போட்ட கடிதத்தை இத்தோடு வைத்திருக்கிறேன். நடந்ததை நானே சொல்கிறேன்.

நோவாக் அம்மா வந்தா. நல்ல மனிசி, வெயிலுக்குள் நிலம் முழுக்க நடந்தா. கன்றுகளை ஆடு கடித்திருப்பதைப் பார்த்து, "இவ்வளவு சுத்தமாக நான் வேறெங்கும் காணவில்லை" என்று சொன்னா. வானம்பாடிக் கூடு இருந்த இடத்தை இவர் கயிறு கட்டி மறித்து வைத்திருந்தார், அதைப் படம் எடுத்தா. கடைசியாக, ஆட்டை ஒருக்கால் எண்ணுவோம் என்றா. இவர் படலையைத் திறந்து ஒவ்வொன்றாக விட்டார். அவ குட்டிகளை விட்டு, கையில் இருந்த சின்ன மெஷினை அமத்தி அமத்தி எண்ணினா. இருநூற்றிப் பதினொன்று.

கடதாசியில் நூற்றி நாற்பது.

அந்தக் கடதாசியை இவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மச்சாள். தை மாதம் கால்நடை நோய்க் காப்புநிதிக்கு இவரே இருநூற்றிப் பதினொன்று என்று சரியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவும் நோவாக் அம்மாவிடம் இருந்தது. ஒரு அரசாங்கத்துக்கு இரண்டு கணக்கா, மிச்ச ஆட்டைக் களவாக இறைச்சிக்கு விற்கிறீர்களா என்று கேட்டா. இவர் "தெரியாது" என்றார். திரும்பக் கேட்டா. திரும்பவும் "தெரியாது" என்றார்.

செப்டெம்பர் பதினைந்துக்குள் காரணம் எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் ஒப்பந்தம் இல்லை, நிலமும் போய்விடும். இவருக்கு அமட்டுக்கு எழுதித் தருகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். ஆனால் உங்களிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. வேறு ஆளிடம் போகவும் மனம் இல்லை. ஆட்டை எல்லாம் வித்துப்போட்டு பெர்லினில் ஏதும் கிச்சின் வேலை பார்ப்போம் என்று நேற்றுச் சொன்னார். அதைச் சொல்லும்போது கொம்புக்காரியின் கழுத்தைத் தடவிக்கொண்டு இருந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கோ. மார்ச்சில் நீங்கள் படம் பார்த்துக் கடிதம் போட்ட கிழமை கொம்புக்காரி காலை நொண்டினது. அவ்வளவும்தான் எழுதுவேன்.

உங்கள் மச்சாள்
ஜெயமலர்


கொலோன்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி,

நான் நலம். ஜெயமலரை ஏசாதே. ஏசினாய் என்று அறிந்தால் அடுத்த இரயிலில் வந்து நிற்பேன், கழிவறை பழுதோ இல்லையோ.

அமட்டின் கடிதம் வந்த அன்று நான் முதலில் நினைத்தது, என் கைதான் பிழை விட்டுவிட்டதென்று. உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். உன் கோழிக் கிறுக்கலில் நூற்றி நாற்பது என்றுதான் இருக்கிறது. பிறகு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். குடித்து முடிய விளங்கிவிட்டது.

நீ அரசாங்கத்துக்குப் பொய் சொல்லவில்லை. எனக்குச் சொன்னாய். உண்மைக் கணக்கைச் சொன்னால் "அட, இவ்வளவு ஆடோ" என்று அக்கா வாயைத் திறந்துவிடுவா, அதோடு பட்டிக்கு நாவூறு பட்டுவிடும். அதுதானே? அந்தக் கணக்கை நான் அப்படியே அன்ட்ராக்கில் எழுதுவேன் என்று நீ யோசிக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

எனக்குத் தெரியாதென்று நினைத்தாயோ தம்பி? சின்ன வயதில் பெரியம்மாவின் பசுவைப் பார்த்து "என்ன பெரிய மடி" என்று சொன்னேன். அடுத்த கிழமை அது செத்துப்போச்சு. அன்றைக்கு வைத்த பேர்தான் கரிநாக்கு. அதுக்குப் பிறகு எங்கள் வீட்டில் புதுச்சட்டை போட்டவர்கள் நான் வர முன்னம் கழற்றினார்கள். உன் மூத்தவனுக்கு ஜெயமலர் பிள்ளைத்தாச்சியாக இருந்ததை எனக்குச் சொன்னது ஆறாம் மாதம். அதற்கு முதலே எனக்குத் தெரியும். தெரியாதவள் போல இருந்தேன். கவிசாவின் பிள்ளையை அறைக்குள் கொண்டுபோனதும் பால் கொடுக்க இல்லை. ஊரிலிருந்து வெறுங்கையோடு ஓடிவந்தோம், இதை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருக்கிறோம்.

எனக்குக் கோபம் வந்தது. நேற்று முழுக்க அழுதேன், அதையும் சொல்கிறேன். மற்றவர்கள் மறைக்கட்டும். நீயும் மறைத்ததுதான் தாங்க முடியவில்லை. ஐந்து வருஷமாக உன் படலைக்கு வெளியே நிற்கிறேன் என்று எனக்கு நேற்றுத்தான் விளங்கினது.

சரி, அது கிடக்கட்டும். அலுவலுக்கு வருவோம்.

நோவாக் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். முழுக்கக் கேட்டா. பிறகு, "நான் நம்புகிறேன். ஆனால் அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லையே" என்றா. "கடைசிப் பக்கத்தில் இதர விபரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது அம்மா, அது இருபத்தெட்டாம் இலக்கம்" என்றேன். அவ தேடிப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றா. படிவம் அவவுடையது, எனக்குத்தான் மனப்பாடம்.

எழுதினதை இத்தோடு அனுப்புகிறேன். அதில் இருப்பது இதுதான்: "எங்கள் குடும்பத்தில் நான் மெச்சினது கெட்டுப்போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆகவே என் தம்பி தன் ஆடுகளின் எண்ணிக்கையை என்னிடம் குறைத்துச் சொன்னார். நான் அறியாமல் அதை எழுதினேன். உங்கள் அலுவலகத்திடம் மறைக்க அவருக்கு எண்ணம் இல்லை என்பதற்குக் காப்புநிதிப் பதிவு சாட்சி. மறைத்ததால் அவருக்கு ஒரு சதமும் கூடவில்லை. அவர் பயந்தது எனக்கு." அதன் கீழ் என் முழுப்பேரும் கையெழுத்தும் இருக்கிறது. வெட்கமில்லாமல் வைத்தேன்.

உன் கையெழுத்தையும் வை. இந்த முறை வாசித்துவிட்டு வை. ஆட்டை விற்கிற கதையை விடு.

அக்கா


பிராண்டன்பேர்க்
14 செப்டெம்பர் 2025

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி? நாங்கள் சுகம். ஜெயமலரை ஏசவில்லை. அவதான் என்னை ஏசினா.

வாசித்துத்தான் கையெழுத்து வைத்தேன். அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். கடைசி வசனம் விளங்க அகராதி தேவைப்படவில்லை.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். கடதாசியைத் தபாலில் போடாமல் நானே கொண்டுபோய் நோவாக் அம்மாவிடம் கொடுத்தேன். எனக்கு முன்னால் வைத்தே வாசித்தா. தன் பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனா. நான் வெளியே கதிரையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். திரும்பி வந்து சொன்னா, களவு இல்லையென்று ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் கணக்கைத் திருத்த வேண்டும் என்று. பிழையான எண்ணை எழுதியவர் தானே நேரில் வந்து, படலையில் நின்று எண்ணி, சரியான எண்ணைத் தன் வாயால் சொல்லிக் கையெழுத்து வைத்தால் ஒப்பந்தம் உறுதியாகுமாம். ஒக்டோபர் நாலாம் திகதி சனிக்கிழமை, உங்களுக்காக லீவு நாளில் வாறாவாம்.

வாருங்கோ அக்கா. கழிவறை நல்லாத்தான் இருக்கிறது.

தம்பி
நவம்


கொலோன்
20 செப்டெம்பர் 2025

அன்புள்ள தம்பி,

நலம். வருகிறேன். வெள்ளி பின்னேரம் ஸ்டேஷனுக்கு வா.

எண்ணைத் தவிர வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன். பயப்படாதே.

அக்கா


பிராண்டன்பேர்க்
12 ஒக்டோபர் 2025

அன்பின் அக்காவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்ததைக் கேட்டுச் சந்தோஷம். இங்கே முந்தநாள் ஒழுங்கான மழை பெய்தது. ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தின கடிதம் வந்துவிட்டது. அறக்கட்டளைக்காரர் போன் எடுத்து, குத்தகைக் கடதாசி தயார், வந்து வாங்குங்கோ என்றார்கள். ஐந்து வருஷத்துக்கு இந்த நிலத்தில் ஆடு நிற்கும். எல்லாம் நீங்கள் செய்தது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு.

அன்றைக்குப் படலையில் நீங்கள் நின்று எண்ணினதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெர்மன் மொழியில், கோயிலில் பேர் வாசிக்கிற மாதிரி, சத்தமாக, ஒரு தடக்கும் இல்லாமல். நோவாக் அம்மாவின் மெஷினும் உங்கள் வாயும் ஒரே எண்ணில் வந்து நின்றது. கையெழுத்து வைத்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் இரயில் ஏறும் வரைக்கும் ஆட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கொம்புக்காரி வந்து உங்கள் ஜக்கெற்றை முகர்ந்தாள். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தீர்கள். சின்னக் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெயமலர் கிட்ட வர, தலையைத் திருப்பிக்கொண்டீர்கள். சாப்பிடும்போது அவ சமைத்த கறியைப் பற்றிக்கூட நல்லதென்றும் சொல்லவில்லை, உப்புக் குறைவென்றும் சொல்லவில்லை. எங்கட அக்கா ஒரு சாப்பாட்டுக்கு உப்புச் சொல்லாமல் எழும்பினதை நான் கண்டதில்லை.

உங்களை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஜெயமலர் வாகனத்துக்குள் அழுதா. "மச்சாள் ஒரு சொல் சொல்லேல்லை, பாத்தீங்களே. எங்கட ஆட்டுக்காக வாயைக் கட்டிக்கொண்டு நிண்டிட்டுப் போறா" என்றா. எனக்கு வாகனத்தை ஓட்ட ஏலாமல் போய், ஓரமாக நிற்பாட்டினேன்.

அக்கா, கொம்புக்காரி நொண்டினது காலில் முள் குத்தி. அந்த முள்ளை நானே குறட்டால் இழுத்து எடுத்தேன். முள்ளைக் கையில் வைத்துக்கொண்டும் உங்களைத்தான் நினைத்தேன். எவ்வளவு விசரன் நான். இந்த ஐந்து வருஷத்தில் ஓநாய் வந்தது, வறட்சி வந்தது, கிணறு வற்றினது. ஒன்றும் உங்கள் வாயால் வரவில்லை. உங்கள் வாயால் எனக்கு வந்தது இந்த நிலம்.

ஒரு மேய்ப்பனுக்கு, வந்து பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் போவதைப் போல ஒரு துக்கம் இல்லை. நோவாக் அம்மா மெச்சினா, கேட்டுக்கொண்டேன். நான் கேட்க ஆசைப்பட்டது அவ வாயால் இல்லை.

இப்போது நானே கேட்கிறேன். என்ரை ஆடுகள் எப்பிடி அக்கா? ஒன்றும் குறைக்காமல் எழுதுங்கோ.

உங்கள் தம்பி
நவம்


கொலோன்
19 ஒக்டோபர் 2025

அன்புள்ள நவம்,

நீயும் ஜெயமலரும் மழையில் நனையாமல் சுகமாக இருங்கள். நான் சுகம்.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துப்போட்டேன். நாலாம் தரம் எழுதுவதைக் கிழிக்காமல் ஒட்டிவிடுகிறேன்.

உன் ஆடுகள் நல்ல வடிவு தம்பி.

அந்த ஊதா வெளியில் இருந்து எல்லாம் ஒன்றாக இறங்கி வரும்போது நான் படலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாம்பல் மயிர் நிலத்தில் முட்டுகிற அளவுக்கு இருக்கிறது, ஒன்றிலும் ஒரு சிக்கு இல்லை. கறுத்த முகமும், அந்தக் கொம்பின் வளைவும், என்ன ஒரு அமைப்பு. நீ ஒரு விசில் அடிக்க அவ்வளவும் ஒரே பக்கம் திரும்பினது. பட்டாளம்கூட அந்த நிலத்தில் அப்படித் திரும்பியிருக்காது. எண்ணும்போது எண் பிசகிவிடுமோ என்று பயம் இல்லை எனக்கு. எண்ணுக்கு நடுவில் "ஐயோ என்ன வடிவு" என்று வாயில் இருந்து விழுந்துவிடுமோ என்றுதான் பயம். நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன், இப்போதும் நோகிறது.

கொம்புக்காரி எல்லாரிலும் வடிவு. அவள் என் ஜக்கெற்றை முகர்ந்தபோது அவளின் நெற்றியைத் தடவ வேண்டும் போல இருந்தது. அடுத்த முறை தடவுவேன். ஜெயமலர் வைத்திருந்த குட்டியை ஓரக்கண்ணால் பார்த்தேன், அதன் காது வெல்வெட். கறி நல்ல ருசி, உப்புக் கொஞ்சம் குறைவு.

நீ நல்ல மேய்ப்பன். இந்த வறண்ட மணலில் இருநூற்றிப் பதினொரு உயிரை மினுமினுக்க வைத்திருக்கிறாய். ஐயா ஒருக்கால் வந்து பார்த்திருக்க வேண்டும்.

கேட்டாய், சொல்லிவிட்டேன். என்னிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மேட்டில் ஏறி எனக்குப் போன் எடு. எல்லா ஆடும் சுகம் என்று மட்டும் சொன்னால் காணும், நான் போனுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

அக்கா